குழந்தைசாமி மாட்டிய ஃபேன்

குழந்தைசாமிக்கு மின்சாரம் தெரியும் என்று மைசூர் பன்னிமண்டபத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். கரெண்ட் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெரியாமலா இருக்கும்? அங்கே அவர் தபால் பிரிவில் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாராவது ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு தட்டுத் தட்டி, "கார்பன் போயிருக்கும்" என்பார். பத்துக்கு நாலு தடவை அது சரியாகவும் இருந்து தொலைத்தது. அந்த நாலு தடவைதான் மனிதரைக் கெடுத்தது.

இப்படிப்பட்டவரிடம் அவர் மனைவி ரோசலின் ஒன்று கேட்டாள். முப்பத்துநாலு வருஷமாக நர்ஸ் வேலைக்குச் சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். மே மாதக் கடைசி நாளோடு அவளுக்கும் ஓய்வு.

"கடைசி நாளாவது ஆஸ்பத்திரி கேட்டுக்கு நம்ம காரை எடுத்துட்டு வாங்க. ஏசி போட்டு, வேர்க்காம வீட்டுக்கு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கல்யாணமாகி அவள் வாய்விட்டுக் கேட்ட மூன்றாவது விஷயம் அது. முதல் இரண்டும் என்ன என்று அவருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கார் பழசு. என்ஜின் பெல்ட்டோடு சுற்றும் அதன் விசிறி, இறக்கை உடைந்து கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு ரேடியேட்டருக்கு இரண்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாம் என்றார் மெக்கானிக் நஞ்சுண்டசாமி.

"ஏசி வண்டி சார். என்ஜின் சூடானாலும் ஃபேன் ஓடணும், ஏசி போட்டாலும் ஓடணும். வயரிங் கொஞ்சம் நாஜூக்கான வேலை. வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க."

புத்தியுள்ளவன் விட்டுவிட்டு வந்திருப்பான். "கரெண்ட் விஷயத்தை எனக்கா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பழைய சாமான் கடையில் இரண்டு ஃபேன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் குழந்தைசாமி.

பொய் சொல்லக்கூடாது, பாதி வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ரிலே, ஃப்யூஸ் எல்லாம் சரியாக வைத்தார். ஃபேனிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பாக இருந்தன. எது பிளஸ், எது மைனஸ்? ஒரு கணம் யோசித்தார். வீட்டு ஃபேனுக்கு இதெல்லாமா பார்க்கிறோம், எப்படிக் கொடுத்தாலும் சுற்றத்தானே போகிறது என்று முறுக்கி டேப் சுற்றிவிட்டார்.

ஏசி சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஃபேனும் சுற்றின. காருக்கு முன்னால் வந்து நின்றார். கிரில் வழியாகக் காற்று முகத்தில் வந்து மோதியது. மீசை ஆடியது. குளிர்ந்து போனார் மனிதர்.

"ரோசி, வந்து பாரேன்! என்னா காத்து!"

ரோசலின் வந்தாள். ஈரத்தலையைக் காருக்கு முன்னால் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து ரோட்டுல போறவங்களுக்கா, நமக்கா?"

"காத்து வருதில்ல? அதான் முக்கியம்" என்றார். விஷயம் தெரிந்தவர்கள் அப்படித்தான் சுருக்கமாகப் பேசுவார்கள் என்று நினைப்பு. மறுநாள் காலை ஏசி போடாமல் ரிங் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டினார். கார் சமர்த்தாக ஓடியது.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டில் ரோசலின் நின்றாள். தலையில் மைசூர் பேட்டா என்ற தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் ஏலக்காய் மாலை, கையில் பழக்கூடை. சக நர்ஸுகள் கைதட்ட, மகாராணி மாதிரி பின்சீட்டில் ஏறினாள். ஏசி சில்லென்று வந்தது. அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் நெரிசல். வண்டி நின்று நின்று நகர்ந்தது. சில்லென்ற காற்று வெதுவெதுப்பானது, பிறகு சுட்டது. பேட்டாவுக்குள்ளிருந்து ரோசலின் நெற்றியில் வேர்வை இறங்கியது. அடுத்த நிமிஷம் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பூக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"கார்பன் போயிருக்கும்" என்று வாய் தன்னால் சொன்னது. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"ரீ! கைய எடுங்க!" கோபம் வந்தால் ரோசலினுக்குக் கன்னடத்தில்தான் கூப்பிட வரும். "வீட்டுலயே ரிப்பேர் பாக்கிற எத்தனை பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன் தெரியுமா? ஸ்வல்ப தள்ளி நில்லுங்க."

சாவியைப் போட்டு ஃபேனை மட்டும் ஓட விடச் சொன்னாள். கைப்பையிலிருந்து பஞ்சைக் கிள்ளி, நினைவில்லாத நோயாளியின் மூக்கருகே பிடிப்பதைப் போல கிரில்லுக்கு முன்னால் பிடித்தாள். பஞ்சு பறந்து பூக்காரி கெம்பம்மாவின் மல்லிகைக் கூடையில் போய் விழுந்தது.

"இது உள்ள இழுக்கணும்ங்க. வெளிய விடுது. சூட்டையெல்லாம் திருப்பி ஏசி மேலயே ஊதிட்டிருக்கு."

குழந்தைசாமி வயர்களைப் பார்த்தார். கறுப்பும் கறுப்பும். வீட்டு ஃபேன் வேறு, பேட்டரியில் ஓடும் ஃபேன் வேறு. வயரை மாற்றிக் கொடுத்தால் இது தலைகீழாகச் சுற்றும். முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற தன் கோலம் நினைவுக்கு வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டதோடு நில்லாமல், குளிர்ச்சியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட முட்டாள் தான் ஒருவன்தான் என்று தோன்றியது.

"முப்பது வருஷம் முத்திரை குத்தினவனுக்கு வயர் எதுக்கு, ரோசி?" என்றார். "ஒரே ஒரு நாள் கேட்ட. அதையும் கெடுத்துட்டேன்."

"பேசாம மாத்துங்க" என்றாள். பேட்டாவைக் கழற்றி அவருக்கு விசிறினாள்.

டேப்பைப் பிரித்து இரண்டு ஃபேனுக்கும் வயரை மாற்றிச் சுற்றினார். இந்த முறை பஞ்சு கிரில்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. என்ஜின் ஆறும்வரை நாற்பது நிமிஷம் காத்திருந்து, கெம்பம்மா கொடுத்த தண்ணீரை ஊற்றிக் கிளப்பினார்கள். நெரிசலிலும் சூடு காட்டும் முள் ஏறவில்லை. ஏசி மறுபடி சில்லென்று வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கத் திரும்பினார். பழக்கூடையைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி ரோசலின் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்தபடி வீட்டுக்கு வந்து அவர் பார்த்ததில்லை, தூங்கியபடி எங்கே பார்ப்பது?

வீடு இருக்கும் தெரு வந்தது. வாசலில் உறவுக்காரர்கள் கூட்டம். வண்டி நின்றால் ஏசி நிற்கும், கூட்டம் கதவைத் திறக்கும். குழந்தைசாமி தெருவில் திரும்பாமல் நேராக ரிங் ரோட்டுக்கு விட்டார்.

போன் அடித்தது. என்ஜினை அணைக்காமல் ஓரங்கட்டி எடுத்தார். மகள் லிசா.

"எங்கப்பா இருக்கீங்க? எல்லாரும் காத்திட்டிருக்காங்க. கார் நின்னுடுச்சா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கை வைத்த ஒரு சாமான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல நாக்கு துடித்தது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா, நின்னுடுச்சு" என்றார் மெல்ல. "நான் மாட்டின ஃபேன்தானே. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்."