பெனிட்டாவுக்கு நான்தான் அடிப்படை ஆண்டு

இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ளயே பெனிட்டா மூணு தடவை போன் பண்ணிட்டா. மூணு தடவையும் ஒரே கேள்வி.

“ஏய், மாடிப்படி எப்படிடி ஏறணும்?”

“வலது காலைத் தூக்கி முதல் படியில வை.”

“வெச்சுட்டேன்.”

“இப்ப இடது கால்.”

“அது எது?”

நான் போனை கட் பண்ணிட்டேன். அவ மறந்துபோன காரணம் எனக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் நான் விசிலடிக்கக் கத்துக்கிட்டேன்.

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மா பக்கத்துலதான் படுத்திருக்காங்க, அதான் மெதுவா பேசறேன்.

பெனிட்டாவும் நானும் ஒன்னாங் கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்ச். ப்ளஸ் டூ முடிச்சதும் வளர்ச்சித் துறை உதவித்தொகைக்கு ரெண்டு பேரும் எழுதினோம். மாவட்டத்துக்கு ஒருத்தருக்குத்தான். பொருளாதாரம் படிக்க வெப்பாங்க, ஹாஸ்டல் குடுப்பாங்க, படிக்கும்போதே துறைப் பயிற்சிக்கு ஊர் ஊரா அனுப்புவாங்க, முடிச்சதும் அந்தத் துறையிலயே ஆபீசர் வேலை. அப்படி ஒண்ணு இருக்குன்னு அவளுக்குச் சொன்னதே நான்தான். அவ ஃபார்மை ஃபில் பண்ணினதும் நான்தான். அவ பக்கத்துல உக்காந்து கொய்யாக்கா தின்னுக்கிட்டிருந்தா.

அவளுக்குக் கிடைச்சுது. நான் அரை மார்க்ல ரெண்டாவது.

ரெண்டாவதா வந்தவங்களைத் துறை கைவிடறதில்ல. எனக்கும் ஒரு ஆர்டர் வந்துச்சு. ‘தாங்கள் செல்வி பெனிட்டாவின் அடிப்படை ஆண்டாக நியமிக்கப்படுகிறீர்கள்.’

அப்பா அதை ஃப்ரேம் போட்டு மாட்டினாரு. “என்ன இருந்தாலும் கவர்மென்ட் உத்தியோகம்”னாரு.

ஜாயின் பண்ண ஆபீசுக்குப் போனேன். நான் நடக்க நடக்க வராண்டா நீண்டுக்கிட்டே போச்சு. இந்த வருஷ இலக்கே அதுதான்னு பியூன் சொன்னாரு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நின்னுச்சு. அப்பதான் ரூமுக்குப் போய்ச் சேர முடிஞ்சுது.

உள்ள சங்கரலிங்கம் சார் இருந்தாரு. உதவித்தொகை பிரிவுக்கு அவர்தான் அதிகாரி.

“வளர்ச்சியை எப்படி அளப்போம், தெரியுமாம்மா?”

“தெரியாது சார்.”

“நல்லது. அப்படியே இரு.”

அவரே சொன்னாரு. ஏதாவது ஒரு வருஷத்தை நிறுத்தி வெச்சு, மத்த வருஷத்தையெல்லாம் அதோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்களாம். அதுக்குப் பேர்தான் அடிப்படை ஆண்டு. ஆளுங்களுக்கும் அப்படித்தானாம். பெனிட்டா எவ்வளவு முன்னேறினான்னு தெரியணும்னா, அவள மாதிரியே இருந்த ஒருத்தர் நகராம நிக்கணும்.

“எவ்வளவு நாள் சார்?”

“அந்தப் பொண்ணு ரிட்டயர் ஆகற வரைக்கும்.”

வெளிய பெஞ்சுல ஒரு அண்ணன் உக்காந்திருந்தாரு. அகலமான காலர். பத்தொம்பது வயசு இருக்கும். அவரும் அடிப்படை ஆண்டுதான், எண்பத்தேழாம் வருஷம்.

“எங்க ஆளு இப்ப டைரக்டரு”ன்னாரு, பெருமையா.

“உங்களுக்கு என்ன வயசாச்சுண்ணே?”

“வயசெல்லாம் அவருக்குத்தான் ஆகுது. சர்க்கரை கூட வந்துருச்சாம் பாவம்.”

எனக்கு ஜூன் பதினொன்னு, செவ்வாக்கிழமைன்னு நிர்ணயம் பண்ணினாங்க. அன்னையிலேருந்து வீட்டுல தினம் செவ்வாக்கிழமை. தினம் எலுமிச்சை சாதம். தினம் அம்மா அதுல உப்பு போட மறந்தாங்க. பக்கத்து வீட்டு நாய் பதினொன்னே காலுக்குக் குலைச்சுது. எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சது மட்டும்தான் தெரியணும்.

வாரா வாரம் திலகம் அக்கா செக் பண்ண வருவாங்க. துறையில கள ஆய்வாளர். என் பல்ல எண்ணுவாங்க, செருப்புத் தேய்மானம் பார்ப்பாங்க.

“இந்த வாரம் ஏதாவது புரிஞ்சுதா?”

“இல்லக்கா.”

“குட்.”

பெனிட்டா போட்டோ அனுப்புவா. கழுத்துல அடையாள அட்டை. கோட்டு. ஏதோ ஊர்ல தறி நெய்யறவங்க நடுவுல நின்னு நோட்டுல எழுதிக்கிட்டிருப்பா. ஒரு தடவை ஃப்ளைட்லேருந்து மேகத்தை அனுப்பினா. ஜன்னல் சீட்டு. கீழ ‘மிஸ் யூ டீ’ன்னு. அந்த மேகத்தை நான் பெருசாக்கிப் பார்த்தேன். எங்கயாவது அசிங்கமா இருக்கான்னு தேடினேன். இல்ல.

“அக்கா, எனக்கு வயிறு எரியுது. எரியலாமா?”

திலகம் அக்கா லிஸ்ட்டைப் புரட்டினாங்க. “ஜூன் பதினொன்னு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுதுக்கா.”

“அப்ப எரியலாம்.”

சைக்கிள் நான் வேணும்னு கத்துக்கல. சத்தியமா. தெருவுல யாரோ நிறுத்தியிருந்தாங்க, சும்மா ஏறி உக்காந்தேன், அது போயிருச்சு. முக்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அன்னைக்கே பெனிட்டா கூப்பிட்டா. ஷூ லேஸ் எப்படிக் கட்டறதுன்னு மறந்துபோச்சாம்.

அடுத்த வாரம் திலகம் அக்கா என் முழங்காலைப் பார்த்தாங்க. சிராய்ப்பு இருந்துச்சு.

“என்ன கத்துக்கிட்ட?”

“ஒண்ணுமில்லக்கா.”

“பொய் சொல்லவும் கத்துக்கிட்டியா? அப்ப ரெண்டு.” பக்கத்துல உக்காந்தாங்க. “இங்க பாரு பாப்பா. நீ ஏறினா வித்தியாசம் குறையும். துறைக்கு வித்தியாசம்தான் பெனிட்டா. அதனால அவகிட்டருந்து கழிச்சுருவாங்க. எதைக் கழிக்கறதுன்னு ஒரு கமிட்டி இருக்கு.”

“இதை எழுதப் போறீங்களாக்கா?”

“டீ இருக்கா?”

டீ குடுத்தேன். அவங்க எழுதல.

நான் அதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. அன்னைக்கு சாயங்காலம் பெனிட்டா இன்னொரு போட்டோ அனுப்பினா, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல. நான் நேரா மொட்டை மாடிக்குப் போய் இங்கிலீஷ்ல நூறு வார்த்தை மனப்பாடம் பண்ணினேன். மறுநாள் மீட்டிங்ல எழுந்து நின்ன பெனிட்டாவுக்கு ‘பட்ஜெட்’ங்கற வார்த்தை வரலையாம். சோத்துப் பானைன்னு சொன்னாளாம்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் பயமா இருக்கு.

அப்புறம் பூரி தேய்ச்சேன், வட்டமா. தையல் மெஷின்ல நூல் கோர்த்தேன். செஸ்ல குதிரை எப்படிப் போகும்னு கத்துக்கிட்டேன். அங்க அவளுக்குச் சதவீதம் போச்சு, ஹாஸ்டல் ரூம் நம்பர் போச்சு, கண்ணாடியில இருக்கறது யாருன்னு ஒரு மணி நேரம் தெரியல. கடைசியா விசில். மாடிப்படி போச்சு.

இன்னைக்கு சாயங்காலம் நாலாவது தடவை கூப்பிட்டா. நான் அழுதுக்கிட்டே எடுத்தேன். அவ சிரிச்சுக்கிட்டிருந்தா.

“ஏறிட்டியாடி?”

“இல்ல. படிக்குக் கீழயே உக்காந்துட்டேன். எல்லாரும் டீ வாங்கிக் குடுத்துட்டுப் போறாங்க. ஒருத்தர் தலையத் தடவிட்டுப் போனாரு.”

“பயமா இல்லையா?”

“எதுக்கு? தலை அவ்வளவு லேசா இருக்குடி. நாளைக்கு ஏதோ ரிப்போர்ட் குடுக்கணுமாம். எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், சரின்னு போயிட்டாங்க. இப்ப ஒரு எறும்பைப் பார்த்துக்கிட்டிருக்கேன். சூப்பரா இருக்கு.”

எனக்கு அழுகை நின்னுபோச்சு. வயிறு எரிய ஆரம்பிச்சுது. எவ்வளவு லேசா இருக்கும் அந்தத் தலை? என் தலையில நூறு வார்த்தையும் குதிரையும் கிடந்து முட்டுது. இவ்வளவு கத்துக்கிட்டும் எறும்பு எனக்கு அப்படித் தெரியல.

அப்பவே இன்னொரு கால் வந்துச்சு. சங்கரலிங்கம் சார். பெனிட்டாவை லைன்ல நிறுத்தி வெச்சுட்டு எடுத்தேன்.

“சார், மன்னிச்சுருங்க. எனக்குத் தண்டனையா?”

“தண்டனை எதுக்கு? வித்தியாசம் சைபருக்கு வந்துருச்சும்மா. துறையில இப்படி நடந்ததில்ல. இனிமே ஒரு ஆள் போகணும், ஒரு ஆள் நிக்கணும். முன்னாடி இருக்கறவங்க போகலாம். சீட்டு, ஹாஸ்டல், வேலை, எல்லாம். பின்னாடி இருக்கறவங்க நிக்கணும்.”

“கமிட்டி முடிவு பண்ணுமா சார்?”

“கமிட்டி பார்த்துருச்சு. அவங்களால கண்டுபிடிக்க முடியல. ரெண்டு பேரையும் கிட்டக்க இருந்து பார்த்த ஆளு நீதான். நீ சொன்னா எழுதிக்கிறோம். காலையில பத்து மணிக்கு வராண்டா நீள ஆரம்பிச்சுரும், அதுக்குள்ள சொல்லு.”

இன்னும் ரெண்டு லைனும் கட் ஆகல. ஒண்ணுல சார் பேனா மூடியத் திறந்து மூடற சத்தம். இன்னொண்ணுல பெனிட்டா எறும்புகிட்ட ஏதோ பேசறா.

சார் மறுபடியும் பொறுமையாத்தான் கேட்டாரு.

“சொல்லும்மா. உங்க ரெண்டு பேர்ல யாரு முன்னாடி இருக்கறது?”