நாற்பத்தோராவது ஐயம்

ஓசியில் கொடுத்தால் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று தெரிய வேண்டுமா? என்னைக் கேளுங்கள். ஆறு வருடம் பார்த்துவிட்டேன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், பட்டறையில் உட்கார்ந்து ஈறும் பல்லுமாக நான் செய்து கொடுப்பேன். மிஞ்சிய நேரத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கினேன். மேசைமேல் அட்டைக் கோட்டையை வைத்து, விரல் உயரப் படைவீரர் பொம்மைகளை நிறுத்தி, தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. விதிப் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். இணையதளத்தில் வைத்தேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்திலேயே ‘இலவசம்’ என்று மூன்று இடத்தில் போட்டேன். நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்றும் போட்டேன். பெரிய வள்ளல் பரம்பரை பாருங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், ‘விரும்பினால் உதவலாம்’ என்று ஒரே ஒரு வரி. அதற்குமேல் கேட்பது என் கௌரவத்துக்குக் குறைச்சல்.

ஆறு வருடத்தில் உதவியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மாமனார். இன்னொருவர் தவறுதலாக அனுப்பிவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சைக்கிள் கடை மாடி அறையில் பதினைந்து பேர் கூடி என் விளையாட்டைத்தான் விளையாடுவார்கள். அவர்களில் ஒருவன் டிராகன் பொம்மை ஒன்றுக்கு இரண்டு நாள் சம்பளத்தைக் கொட்டுவான். அதற்கு நான்கு விதப் பச்சைப் பெயிண்ட் வாங்குவான். அந்த டிராகன் எப்படிப் பறக்க வேண்டும் என்று சொல்லித் தருகிற புத்தகத்துக்குச் சல்லிக்காசு எடுக்க மாட்டான். வாய் மட்டும் நீளும். குதிரைப் படைக்கு வேகம் பத்தவில்லையாம். படங்கள் கலரில் இருந்தால் நன்றாக இருக்குமாம். நானும் ஈறு செய்த பிளாஸ்டிக் மிச்சத்தில் பொம்மை வார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரோஜா நிறத்தில் இருக்கிறதே என்று மூஞ்சியைச் சுளித்தார்கள். சுளித்துவிட்டு எடுத்தும் கொண்டார்கள்.

இவர்களில் தலையாய பிராணி ஒன்று உண்டு. வக்கீல் என்று கூப்பிடுவோம். வேலை என்னவோ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுவது. ஆனால் எந்த விதியை எடுத்தாலும் அதில் ஓட்டை தேடுகிற ஆள். மூன்று வருடத்துக்கு முன் பதினொரு பக்கம் டைப் செய்து, ‘விதிப் புத்தகம் பற்றிய ஐயங்கள்’ என்று தலைப்பிட்டு, வரிசை எண் போட்டு என் கையில் கொடுத்தார். முதல் ஐயம்: ‘அம்பு ஒரு சாண் தூரம் பாயும் என்கிறீர்கள். யாருடைய சாண்?’

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். தம்பிடி கொடுக்காதவனுக்குப் பதினொரு பக்கத்தில் சந்தேகம் என்ன வேண்டிக் கிடக்கிறது? வீம்புக்கென்றே அந்தச் சாணை அடுத்த பதிப்பிலும் அப்படியே விட்டுவைத்தேன்.

இந்த வருடம் இணையதளத்துக்குக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோது வீட்டில் ஒரு கவரில் பணம் இருந்தது, எடுத்துக் கட்டினேன். அடுத்த வாரமே, அந்தப் பொம்மைகளை வார்க்க நான் வாங்கி வைத்திருந்த மெஷின் புகைந்து நின்றது. அதற்கும் கேட்டபோது என் மனைவி சத்தம்கூடப் போடவில்லை.

“உங்க விளையாட்டைப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? அந்தக் கவர் பெரியவ கண்ணாடிக்கு வெச்சிருந்தது. போர்டு தெரியலன்னு அவ டீச்சர் மேசைகிட்ட நின்னுக்கிட்டே எழுதுறா. ஊரான் விளையாட, என் பொண்ணு கண்ண சுருக்கணுமா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கே இணையதளத்தை மூடினேன். ‘ஏழாம் பதிப்போடு இந்த விளையாட்டு முடிந்தது. ஆறு வருடம் அனுபவித்தவர்களுக்கு நன்றி’ என்று குத்தலாக ஓர் அறிவிப்பு மட்டும் போட்டேன். கதறட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்றாவது ஞாயிறு, எப்படித் தவிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாமென்று மாடி ஏறினேன்.

நான்கு மேசையிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம். அட்டையில் விளையாட்டின் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

“வாங்க டாக்டரே,” என்றார் வக்கீல். பல் செட் செய்வதால் எனக்கு அங்கே அந்தப் பட்டம். “எங்க ஆளையே காணோம்? உட்காருங்க, ஒரு படை காலியா இருக்கு.”

“என் அறிவிப்பப் பார்க்கலையா?”

“பார்த்தோம். கஷ்டமா இருந்துச்சு. சரி, உங்க உழைப்பு வீணாப் போகக் கூடாதுன்னு நாங்களே அச்சடிச்சுட்டோம். திருத்தலாம்னு முதல் பக்கத்துல நீங்கதானே போட்டிருக்கீங்க?”

புரட்டினேன். அம்பு இருபது சென்டிமீட்டர் பாய்ந்தது. படங்கள் கலரில் இருந்தன.

“இதுக்கெல்லாம் பணம்?”

“ஆளாளுக்குப் போட்டோம். இவ்வளவுன்னு சொன்னேன், மறுபேச்சில்லாம எடுத்து வெச்சாங்க. அச்சடிச்சது போக அந்த டப்பாவுல இன்னும் கிடக்கு.”

புத்தகத்தை மேசைமேல் போட்டேன். “ஆறு வருஷமா எனக்கு ஒரு ஆள் குடுக்கல. இவர் கேட்டா மட்டும் கொட்டிக் குடுப்பீங்களாக்கும்.”

டிராகன்காரர் பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “நீங்க கேட்கவே இல்லையே டாக்டரே.”

“நான் எழுதிக் குடுத்தேனே,” என்றார் வக்கீல். “நாப்பத்தோராவது ஐயம். நீங்க பதில் சொல்லல. சரி, காசு பேச்சு உங்களுக்குப் பிடிக்காதுபோலன்னு நானும் விட்டுட்டேன். படிச்சீங்கல்ல?”

“படிச்சேன்,” என்றேன்.

உட்காரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி நேரே பட்டறைக்குப் போனேன். அந்தப் பதினொரு பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பல் அளவுக்காக மாவில் வார்த்த தாடை அச்சுகளை வைக்கிற இழுப்பறையில் மாவு படியாமலிருக்க அதைத்தான் விரித்திருந்தேன். யார் யாருடையவோ கீழ்த்தாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தேன். எட்டாம் பக்கத்தைக் கையால் துடைத்தேன்.

‘41. முதல் பக்கத்தில் இலவசம் என்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் உதவலாம் என்கிறீர்கள். எதை எடுத்துக்கொள்வது? வருடத்துக்கு எவ்வளவு தேவை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரிடமும் வாங்கித் தருவது என் பொறுப்பு. உங்களிடமிருந்து பதில் வரும்வரை, முதல் பக்கத்தில் உள்ளபடி இலவசம் என்றே எடுத்துக்கொள்கிறோம்.’