நான்கு தந்திகளும் ஒன்றாக

நான்காவது தந்தியையும் தளர்த்தி முடித்தபோது வயலினுக்குள்ளே ‘டொக்’ என்று ஏதோ விழுந்தது. கூடவே, தந்திகளைத் தாங்கி நின்ற குதிரையும் சாய்ந்து அவன் மடியில் உருண்டது. வயலினைத் தூக்கி லேசாக ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு சின்னக் குச்சி இங்குமங்கும் ஓடியது. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காகக் குப்பை கொட்டியவனுக்கு, ஓடக்கூடாத ஒன்று ஓடினால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் போய்விட்டாள். மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இப்போது பதினொன்றே முக்கால்.

கடைசி வாரத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“என்னை எடுக்கும்போது பல் டாக்டர் வாசிக்கட்டும்டா. என் வயலின்ல. அவளோடது வேண்டாம், தகர டப்பா.”

பல் டாக்டர் அக்காவிடம் இருபத்திரண்டு வருஷமாக வயலின் படிக்கிறவள். மேடை ஏற ஒருநாளும் ஆசைப்படாதவள். “நான் பாத்துக்கறேன்க்கா” என்று வாக்குக் கொடுத்தது இவன்தான்.

காலையிலிருந்து அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலிகளைப் போட்டான், போட்டதையே மாற்றிப் போட்டான். மின்விசிறியைத் துடைத்தான். சாவு வீட்டில் யாராவது குழாய்க்கு வாஷர் மாற்றுவார்களா? அவன் மாற்றினான். அதன் பிறகுதான் வயலின் பெட்டியைத் திறந்தான். இரண்டு மாதம் யாரும் தொடாத தந்திகள் மங்கிக் கிடந்தன. பக்கத்திலேயே பிரிக்காத புதுத் தந்திகள். மாற்றி வைத்தால் டாக்டருக்குச் சௌகரியமாக இருக்குமே என்று நினைத்தான். லிஃப்டில் கயிறு மாற்றுவதென்றால் முதலில் பாரத்தை மொத்தமாக இறக்கிவிட வேண்டும். அதே கணக்கில் நான்கு தந்திகளையும் ஒன்றாக இறக்கினான். வயலினுக்கு ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அந்த வீட்டுக்குப் பாடத்துக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடி, செருப்பை மாட்டினான். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்டீங்க? வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க.”

“இதோ வந்துடறேன்.”

“அதை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?” அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“அக்காகிட்ட சொல்லிடாத.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. மனைவி நகர்ந்து வழிவிட்டாள்.

டாக்ஸி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். இந்தப் பெட்டியை எத்தனை ரயில் நிலையங்களுக்கு, எத்தனை அரங்கங்களின் பின்வாசலுக்குத் தூக்கிப் போயிருக்கிறான்! அக்காவுக்கு மேடையில் பெரிய பெயர். ஆனால் எந்த ஊரில் கைத்தட்டல் வாங்கிவிட்டு வந்தாலும் மறுநாள் ஏழு மணிக்கு முன்னறையில் பாடம் நடக்கும். பாடம் இருக்கிறது என்று கச்சேரிகளையே வேண்டாம் என்றிருக்கிறாள். “இப்படிச் சின்னப் பசங்களோட மாரடிச்சா உன் கை என்னத்துக்கு ஆகும்?” என்று ஒருமுறை கேட்டான். “மேடையில நான் பண்ற தப்பை நான் இங்கதான்டா கண்டுபிடிக்கிறேன்” என்றாள். அப்பேர்ப்பட்டவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே காரியத்தை இவன் அரை மணி நேரத்தில் கெடுத்து வைத்திருக்கிறான். செத்துப்போனவளுக்குப் பயப்படுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

வயலின் பழுது பார்ப்பவரின் கடை நான்காவது மாடி. லிஃப்ட் கதவு மூடுகிற சத்தமே சரியில்லை என்று பட்டதும் அவன் படியிலேயே ஏறினான்.

அவர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். “உங்க வீட்டுக்குத்தான் கிளம்பினேன்” என்றவர், பெட்டியைப் பார்த்ததும் மறுபடி கதவைத் திறந்தார். உள்ளே போய் வயலினைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு இப்படி இறக்கினது?”

“நான்தான் அண்ணே.”

“நாலையும் ஒண்ணாவா?”

“ஒண்ணாத்தான்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கை மட்டும் அவன் கையில் கொடுத்தார். சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குச்சியை வெளியே குலுக்கி எடுத்து, வளைந்த கொக்கியில் குத்தி, பக்கத்துத் துளை வழியாக நுழைத்து, மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நிறுத்தப் பார்த்தார். விழுந்தது. மறுபடி நுழைத்தார். மறுபடியும் விழுந்தது. ஆறாவது தடவை நின்றது. பிறகு குதிரையை வைத்து, புதுத் தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்கும்போது ஒன்றரை மணி. போன் அடித்தது. மனைவிதான்.

“டாக்டர் வந்துட்டாங்க. வயலின் எங்கன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?”

“வருதுன்னு சொல்லு.”

பெட்டியை எடுக்கப் போனான். அவர் தடுத்தார்.

“இன்னும் முடியல. குச்சி ஒரு மயிரிழை தள்ளி நின்னாலும் சத்தம் செத்துடும். யாராவது வாசிக்கணும், நான் கேக்கணும்.”

“நீங்களே வாசிங்களேன்.”

“காதுக்குக் கீழ வச்சுக்கிட்டா சத்தம் சரியா இருக்கான்னு எனக்குத் தெரியாது. தள்ளி நின்னு கேக்கணும். எப்பவும் உங்க அக்காதான் வாசிப்பாங்க. நான் அந்த மூலையில நிப்பேன்.” வயலினையும் வில்லையும் அவன் பக்கம் நீட்டினார். “விரல் வைக்காம வெறும் தந்தியை இழுத்தாப் போதும்.”

வெறும் தந்தி அவனுக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும். அக்காவின் முதல் மாணவன் அவன்தான். அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. மூன்று மாதம் வில்லை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுக்க வைத்தாள். நான்காவது மாதம், “நீ போய் விளையாடுடா” என்று அனுப்பிவிட்டாள். இதை அவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

தோளில் வைத்து இழுத்தான். கதவு கிரீச்சிடுவதுபோல் இருந்தது. பழுது பார்ப்பவர் வந்து கொக்கியை விட்டு உள்ளே லேசாகத் தட்டினார். “இன்னொரு தடவை. மெதுவா.” மூலைக்குப் போனார், வந்தார், தட்டினார், போனார். மூன்றாவது தந்தியை அவன் முனைவரை இழுத்தபோது சத்தம் திடீரென்று அறை முழுக்க நிறைந்தது. பாடம் தொடங்கும் முன்னால் முன்னறையிலிருந்து தினமும் கேட்கிற சத்தம். தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொள்ளாமலே அவன் இத்தனை வருஷமும் எழுந்திருந்த சத்தம்.

“போதும். பழைய இடத்துக்கே வந்துடுச்சு” என்றார் அவர். பெட்டியைத் திறந்து வைத்தார்.

அவன் வயலினைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடலாமா அண்ணே?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கொக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி அந்த மூலைக்குப் போய் நின்றார்.