ஒரே இடத்தில் மாற்றினால் போதும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் ரோகினி. சிரம்பான் லோபாக்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய் ஆறிப்போக, ஆத்திரமாகச் சொல்லி முடித்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா கம்ப்யூட்டர் கதையா எழுதாதீங்க லா, யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள். நியாயமான எச்சரிக்கை. ஆகவே இப்படித் தொடங்கினேன்:

செம்பனை மரங்களின் மேல் காலைப் பனி மெல்ல

வேண்டாம். அந்தத் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். பனி இறங்கினால் புல்டோசர் மேல்தான் இறங்க வேண்டும்.

ரோகினி மிகத் திறமையான

இதுவும் வேண்டாம். திறமைசாலி என்று ஆரம்பித்தால், எங்கே சறுக்குவாள் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். (சறுக்கத்தான் போகிறாள். அது வேறு.)

2

நேராகச் சொல்கிறேன். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பல செம்பனைத் தோட்டங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அலுவலகம் செனாவாங்கில். அங்கே ரோகினிக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. செம்பனைக் குலை எடை, ஆள் வருகை, தண்ணீர் லாரி, ஆஸ்பத்திரி வேன் என்று தோட்டங்களிலிருந்து வரும் விவரங்களை, தினமும் விடியலில் தானாக ஓடும் நிரல்கள் திரட்டி, யார் எங்கே போக வேண்டும் என்று அவரவர் போனுக்கு அனுப்பிவிடும். அந்த நிரல்களை அலுவலகத்தில் 'ஜாப்' என்பார்கள்.

எந்தத் தோட்டம் நடக்கிறது, எது மூடியது என்று ஒவ்வொரு ஜாப்பும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. ஒன்றில் திருத்தினால் இன்னொன்றில் மறந்துபோகும். மூடிய தோட்டத்துக்கு உர மூட்டை போய் இறங்கியதும் உண்டு. ரோகினி எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு பொதுக் கோப்பில் வைத்தாள். இனி எல்லா ஜாப்பும் அதைப் பார்த்துத்தான் நடக்கும். (இந்த விவரங்களுக்கு 'அளவுரு' என்று அகராதியில் அழகான சொல் இருக்கிறது. செனாவாங்கில் 'செட்டிங்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.)

"இனிமே ஒரே இடத்துல மாத்தினா போதும் பாஸ்," என்றாள் கூட்டத்தில். மேலாளர் ஹேமநாதன் கைதட்டினார். கேக் வெட்டினார்கள். கேக்கின் மேலும் அந்த வாக்கியம்தான். 'போதும்' மட்டும் இடம் போதாமல் ஓரத்தில் வழிந்தது.

3

வீடு கட்டுவதற்காக ஒரு தோட்டத்தை விற்றார்கள். ரோகினி கோப்பைத் திறந்து, அதன் பெயருக்கு எதிரே 'நடப்பில்' என்றிருந்ததை 'மூடியது' என்று மாற்றினாள். குலைக் கணக்கு நின்றது. உரம் நின்றது. அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் காலை செல்லம்மா போன் செய்தார்.

செல்லம்மா அந்தத் தோட்டத்தில் மருந்தடித்தவர். தொழிலாளர்களுக்கான மாற்று வீடுகள் இன்னும் எழும்பாததால் சில குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்தன. அவர் வீடும் அதில் ஒன்று. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை சிரம்பானுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். கம்பெனி வேன்தான் கூட்டிப்போகும். ரோகினி சிறுமியாக இருந்தபோது இவர் பக்கத்து வீடு.

(வசதியான தற்செயல் என்று எனக்கும் பட்டது. வேறு யாரோ போன் செய்வதாக எழுதிப் பார்த்தேன். அந்த யாரோவுக்கு ரோகினியை இப்படித் திட்டும் உரிமை வரவில்லை.)

"ஏண்டி, வேன் வரல. டிரைவர் புவனேஸ்வரனுக்கு அடிச்சா, போன்ல என் பேரே வரலங்கிறான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இல்ல அத்தை, தோட்டத்த மூடியாச்சு, அதனால..."

"தோட்டத்த மூடுனா என்னையும் சேர்த்தா மூடுவீங்க? தண்ணி லாரியும் வரல, தெரியுமா?"

ரோகினி கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒரே இடத்தில்தான் மாற்றினாள். அது போதுமாகத்தான் இருந்தது.

4

இங்கே ஹேமநாதனை வில்லனாக்க எனக்கு ஆசை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அது நம்ம பொறுப்பு இல்லம்மா" என்று

சொல்லவில்லையே. ரோகினி ஓடிப்போய்ச் சொன்னதும் சாவியை எடுத்தார். "வேன் வேற தோட்டத்துக்குப் போயிருக்கும். வா, என் கார்லயே போயிருவோம்."

முகமும் காலும் வீங்கிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்த செல்லம்மா, மூச்சு வாங்கியபடியே வழிநெடுக இருவரையும் திட்டினார். நேரம் தவறி வந்ததற்கு ஆஸ்பத்திரித் தாதி கடிந்துகொண்டாலும் படுக்கை கிடைத்தது.

ரோகினி வெளியே மடிக்கணினியைத் திறந்து, அவசரமாக 'நடப்பில்' என்று மாற்றி, ஜாப்களை ஓடவிட்டாள். சற்று நேரத்தில், குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் தங்கராஜு கூப்பிட்டார்.

"என்னம்மா, குலை வெட்ட ஆளுங்கள அங்க போகச் சொல்லி மெசேஜ் வருது? மரமே இல்லாத எடத்துல எதை வெட்டுறது, புல்டோசரையா?"

மரம் இருந்தால் மனிதரும் இருப்பார்கள், மரம் போனால் மனிதரும் போய்விடுவார்கள் என்று அந்தக் கோப்பு நம்பியது. நம்பக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

அங்கேயே உட்கார்ந்து, அந்த ஒரு வரியை இரண்டாக உடைத்தாள். மரங்கள்: இல்லை. ஆட்கள்: இருக்கிறார்கள். வேனும் தண்ணீர் லாரியும் இனி இரண்டாவதைத்தான் பார்க்கும். அடுத்த முறை புவனேஸ்வரன் போனில் செல்லம்மா பெயர் வந்தது. வேன் லயத்து வாசலில் போய் நின்றது.

5

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஹேமநாதன் விடவில்லை.

"ஆளுங்க எதுவரைக்கும்னு ஒரு முடிவுத் தேதி போட்டுரு. இல்லன்னா, அவங்க மாறிப் போன பிறகும் காலி லயத்துக்கு லாரி போய்க்கிட்டிருக்கும்."

சரியான பேச்சு. அதுதான் எரிச்சல். மாற்று வீடு கட்டுகிறவர்களைக் கேட்டால் 'விரைவில்' என்றார்கள். கோப்பில் தேதிக்கான கட்டத்தில் 'விரைவில்' என்று எழுத முடியாது. செல்லம்மாவையே கேட்டாள்.

"அத்தை, அங்க எப்ப வரைக்கும் இருப்பீங்க?"

செல்லம்மா திருப்பிக் கேட்டார்.

"எதைக் கேக்குற? வீட்டையா, ஆளையா?"

"வீட்டத்தான் அத்தை," என்றாள் ரோகினி. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

6

மாதக் கடைசித் தேதியைப் போட்டாள். அது தாண்டினால் வேனும் லாரியும் தானாக நின்றுவிடும். ஒவ்வொரு மாதமும் அது நெருங்கும்போது, தானே கோப்பைத் திறந்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறாள். எல்லாம் தானாக ஓடும் அந்த அலுவலகத்தில் கையால் நடக்கும் வேலை இது ஒன்றுதான். ஹேமநாதனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்.

இப்போது ரோகினிக்குக் கோலாலம்பூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா என்று என்னைக் கேட்டாள். ஆத்திரமெல்லாம் அதனால்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் போனாள், புதிதாக வந்தவர் மறந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன், கிழித்துவிட்டேன். அவள் போகாமல் இருந்துவிட்டாள் என்று எழுதினேன். அது அவளுக்கு நான் செய்யும் அநியாயம். மாற்று வீடு கட்டி முடிந்தது என்று எழுத, எனக்கே கூச்சமாக இருந்தது.

மாதம் முடியப் போகிறது. முடிவு எனக்கு வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அந்தத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பு ஏற்றுக்கொள்ளாது.