மூன்று கைப்பிடி கார்போகரிசி

பதினோரு வருடமாக நலங்குமாவு அரைத்து விற்கிறேன். பாளையம்பட்டியில் இறங்கி சந்தனம்மாள் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், பாசிப்பயறு, காய்ந்த ரோஜா இதழ் என்று பதினாறு சாமான் சேரும். எல்லாவற்றையும் நானே பொறுக்கி, நானே காயவைத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து, வெள்ளைத் துணியில் சலிப்பேன். இவ்வளவும் செய்கிற எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, தீய்ந்த தோசை மாதிரி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் சிரித்து ஓய்ந்துவிட்டேன்.

அது எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். முதன்முதலில் மாவு சேர்த்தபோது கார்போகரிசியை அளவு தெரியாமல் அள்ளிப் போட்டுவிட்டேன். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிற சின்னக் கறுப்பு விதை அது. கொஞ்சமாகச் சேர்த்தால் நல்லது என்பார்கள். கூடிப்போனால், தேய்த்த முகத்தோடு வெயிலில் நிற்கக் கூடாது. நான் நின்றேன். பகல் முழுக்க மொட்டைமாடியில் பூ காயவைத்தேன். சாயங்காலம் முகம் காந்தியது. மறுநாள் கொப்புளம். பத்து நாளில் தோல் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கறுத்துப்போனது. அன்றிலிருந்து என் மாவில் அளவு தவறியதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி பிரவீணா வந்தாள். அவளுக்கு இருபத்துநான்கு வயது. வந்த அன்றைக்கே தெருவே வந்து பார்த்தது. அப்படி ஒரு முகம். நிறத்தைச் சொல்லவில்லை, என்னைவிட ஒரு பங்கு கறுப்புதான் அவள். ஆனால் ஒரு பரு, ஒரு புள்ளி கிடையாது. எண்ணெய் தடவாமலே மினுங்கும். கடவுள் சிலருக்கு மட்டும் உட்கார்ந்து செய்வார் போலிருக்கிறது. என்னைச் செய்யும்போது அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

மாவை போனில் வீடியோ போட்டு விற்கலாம் என்று சொன்னவள் அவள்தான். சரி என்றேன். போனுக்கு முன்னால் அவள் நின்றாள். பின்னால் சலித்துக்கொண்டிருக்கிற இரண்டு கை மட்டும் தெரியும், அது நான்.

"காலையில வெறும் வயித்துல நெல்லிக்காச் சாறு குடிப்பேன். பத்து மணிக்கு வெள்ளரிக்கா, மத்தியானம் கீரை, ராத்திரி ஏழு மணிக்கு மேல பச்சத்தண்ணி மட்டுந்தான். எங்க அக்கா அரைக்கிற நலங்குமாவு தவிர மூஞ்சில வேற எதும் படாது!" என்று வாய் கூசாமல் சொல்வாள். 

அடி ஆத்தி! ராத்திரி பத்து மணிக்குக் கொழுந்தன் வாங்கி வருகிற பரோட்டாவை சால்னாவில் முக்கி முக்கித் தின்பதும், ஒரு பாக்கெட் காராச்சேவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பதும், எட்டு மணிவரை தூங்குவதும் யாராம்? அந்த நெல்லிக்காய்ச் சாற்றை ஆறு மாதம் குடித்தவள் நான். எனக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது. முகத்துக்கு ஒன்றும் வரவில்லை.

வாங்குகிறவர்கள் போன் போட்டால், "அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர் நாகராஜ் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பிரவீணா மூஞ்சிக்கே மாவு வித்துரும் போலயே" என்றார். அவருக்கு அன்றைக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அருப்புக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிற அப்துல் பாரி பாய் வீட்டுக்கே வந்தார். துபாயில் அவர் மச்சான் கடை இருக்கிறது. அங்கே அனுப்ப இரண்டாயிரம் பாக்கெட் வேண்டும், அழகான அட்டைப்பெட்டியில் படம் போட்டு வேண்டும் என்றார். படம் என்றதுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மாவு, என் பெயர், பின்னே யார் படம்? எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

பாய் டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சந்தனம், மாவு உங்க கைப்பக்குவம். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா வாங்குறவுக மொதல்ல மூஞ்சியத்தான் பாப்பாக. நம்ம பிரவீணா படத்தைப் போட்ருவோமா? ஞாயித்துக்கிழமை போட்டோ எடுக்க ஆளு வரச் சொல்றேன். தப்பா எடுத்துக்கிறாதீக."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வாய், "அதுக்கென்ன பாய், போடுங்க" என்றது. பிரவீணா என்னைப் பார்த்து, "ஐயோ, நான் எதுக்குக்கா?" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை சொல்லியிருந்தால் நான் ஆமாம் என்றிருப்பேன்.

திங்கட்கிழமை தனியாகக் கால்கிலோ மாவு சேர்த்தேன். அதில் மூன்று கைப்பிடி கார்போகரிசி. கை நடுங்கியது என்று சொன்னால் பொய். நடுங்கவில்லை. எனக்கு வந்தது அவளுக்கும் வரட்டும் என்றுதான் நினைத்தேன். அதை அவள் கையில் கொடுத்து, "போட்டோவுக்கு முன்னாடி நாலு நாள் விடாமத் தேய்டி. புதன்கிழமை ஆவாரம்பூ பறிக்கப் போவோம், அங்கன வச்சு ஒரு வீடியோவும் எடுத்துருவோம்" என்றேன். "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் அவள் ஸ்கூட்டியில் திருச்சுழி ரோட்டுக்குப் போனோம். எங்கள் பக்கத்துக் கரிசல்காட்டில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆவாரம் மட்டும் பூத்துக் கிடக்கும். ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நான் முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டேன். அவளிடம், "நீ மூடாதடி, வீடியோவுல தெரியணும்" என்றேன். ஒரு மணி நேரம் பூப் பறித்தோம். நான் பூவைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேர்வையில் இன்னும் பளிச்சென்று இருந்தாள்.

"காந்துதாடி?" என்று கேட்டேன்.

"இல்லையேக்கா. என்னத்துக்கு?"

"மாவு தேச்சியா இல்லையா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிறாதீகக்கா. பயத்தமாவு பட்டாலே எனக்கு அரிக்கும். வந்த புதுசுல ஒரு தடவ போட்டதுதான். உங்க மனசு சங்கடப்படும்னு சொல்லல."

அப்படியானால் மூன்று வருடமாக என் மாவைத் தேய்க்காமலே, தேய்த்ததாகச் சொல்லி மினுக்கிக்கொண்டிருக்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பூக்கூடையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். அதற்குள் வேறொன்று உறைத்தது. "அப்ப அந்தப் பாக்கெட்டு எங்கடி?"

"நேத்து நீங்க மில்லுக்குப் போயிருக்கும்போது ஒரு அம்மா வந்தாக. குருவம்மாள்னு பேரு, இந்த ரோட்டுல உள்ள தள்ளித்தான் ஊராம், போன் நம்பரும் குடுத்துட்டுப் போனாக. மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணமாம். நம்ம வீட்டுல விக்கிற மாவு தீந்துபோச்சு. பாவமா இருந்துச்சு, என் பாக்கெட்டைக் குடுத்துட்டேன். இன்னைக்கு அந்தப் பொண்ணைத் தேச்சுக் குளிப்பாட்டித்தான் குலசாமிக்குப் பொங்கல் வைக்கக் கூட்டிப் போறாகளாம்."

பூக்கூடையைக் கீழே போட்டேன். குலசாமி கோயில் என்றால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டல்காட்டு நடுவில் ஒரு பீடம், ஒரு சூலம். மேலே கூரை கிடையாது. பொங்கல் பொங்கி, படையல் வைத்து, சாமி கும்பிட்டு எழுந்திருக்கப் பகல் இரண்டு மணி ஆகும். மாவு தேய்த்த முகத்தோடு கல்யாணப் பெண் அவ்வளவு நேரமும் வெயிலில் உட்கார்ந்திருப்பாள். நாளை மறுநாள் அவள் மணவறையில் கொப்புளத்தோடு உட்கார வேண்டும்.

"போன் போடு" என்றேன். போட்டாள். எடுக்கவில்லை. "வண்டிய எடு" என்றேன்.

"என்னக்கா ஆச்சு?"

"மாவு கெட்டுப்போச்சு. வண்டிய எடுடி!"

"உங்க மாவு எப்படிக்கா கெடும்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அந்த ஊர். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. பொங்கல் பானை, விறகு, கரும்பு, பத்துப் பதினைந்து பெண்கள். கல்யாணப் பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சத்யபிரியா என்று ரேடியோ செட்டுப் பந்தலில் பேனர் கட்டியிருந்தார்கள். இருபது இருபத்தொரு வயது இருக்கும். தலைமுடி இன்னும் ஈரம். கன்னத்தோரம் மாவு சரியாகக் கழுவாமல் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கிவிட்டாள்.

"ஏத்தா, மாவுக்கார அக்கா வந்திருக்காக!" என்று குருவம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். "எம்மக மூஞ்சியப் பாருங்க, ஒரு தடவைக்கே எப்படி இருக்குன்னு!"

"பிள்ளையை வெயில்ல கூட்டிப் போகாதீகம்மா, கறுத்துரும்" என்றேன்.

"நல்ல கதையா இருக்கே! வெயிலுக்குப் பயந்தா இந்த ஊருல குடியிருக்க முடியுமா?" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"பாக்கெட்டு மாறிப்போச்சும்மா. அது சரியான மாவு இல்ல."

"அப்ப நல்ல பாக்கெட்டை வச்சுட்டுப் போங்க. சாமி கும்பிட்டு வந்து அதைத் தேச்சுக்கிறோம். நேரமாச்சு, ஏறுங்கடி!"

அந்தப் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முகத்தில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தேன்.

"எல்லாரும் என் மூஞ்சிய நல்லாப் பாருங்க. அந்த மாவைத் தேச்சிட்டு வெயில்ல நின்னா இப்படித்தான் ஆகும். வெந்து, உரிஞ்சு, கறுத்துரும். அதுல கார்போகரிசியை வேணும்னே கூட அள்ளிப் போட்டேன். பிள்ளையை இறக்கி உள்ள கூட்டிப் போங்க. கைதவறி இல்ல. வேணும்னேதான் போட்டேன்."

சத்யபிரியா இறங்கி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள். குருவம்மாள் என் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எம்மக உனக்கு என்னத்தா பண்ணுனா?"

"உங்க மகளுக்குச் செய்யல."

"பின்ன யாருக்குச் செஞ்ச?"

எனக்குப் பின்னால் ஸ்கூட்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும்மா" என்றாள் பிரவீணா.

கல்யாண வீடு என்பதால் சும்மா விடுகிறேன் என்று குருவம்மாள் சொன்னார். மீதி மாவைப் பாக்கெட்டோடு கொண்டுவந்து குப்பைமேட்டில் கொட்டினார். பொங்கலைப் பொழுது சாய்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ பெரியவர் சொல்ல, பானையை இறக்கினார்கள். இருட்டாக ஓர் அறையில் பிள்ளையை இரண்டு நாள் வைத்திருக்கச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், வெயில் அதிகம் படவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் அவள் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெயின்ரோடு வந்ததும் நிறுத்தினாள்.

"இறங்குங்க. பஸ்ல வாங்க."

இறங்கினேன். "பிரவீணா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"எதும் பேசாதீக" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "மூஞ்சி மூடாதன்னு சொன்னீகள்ல? ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீகள்ல? ஞாயித்துக்கிழமை போட்டோவுக்கு வரமாட்டேன்னு பாய்கிட்டச் சொல்லலாம்னு நேத்து வரைக்கும் நெனச்சேன். இப்பப் போவேன். கண்டிப்பாப் போவேன். ரெண்டாயிரம் அட்டையிலயும் என் மூஞ்சிதான் இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து, பாத்துப் பாத்து, நீங்கதான் மாவு அடைக்கணும்."

முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வண்டியை முறுக்கினாள். அழுது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தது, வெயிலில் கன்னம் வேர்த்திருந்தது. அப்போதும் அழகாகத்தான் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.