ஷேக் பரீது வீட்டு மீன்தொட்டி

சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. அறுபத்து நாலாம் வருஷம் நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, தாராவி மைதானத்தில் அத்தனை பேரும் கட்டித் தழுவிக்கொண்டிருக்கும்போது நான் ஷேக் பரீதுக்குச் சலாம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற தோல் வியாபாரிகளைப் பார்த்தான். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே பாயில் படுத்து ஒரே தட்டில் தின்ற ஆட்கள் நாங்கள். அவன் சூட்கேஸ் வியாபாரத்தில் பெரிய ஆளாகிச் செம்பூருக்குக் குடிபோனான். நான் தாராவியிலேயே தகரப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன்.

என் சலாம் அந்த மைதானத்தில் அந்தரத்திலேயே தொங்கியது. ஹஜ்ஜுப் பெருநாள்வரை அதன்மேல் காக்கா உட்கார்ந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதில் வரவேண்டும். அதே வியாபாரிகள் முன்னால், அவன் வாயால் வரவேண்டும். அதுவரை எனக்குத் தூக்கம் ஹராம் என்று வைத்துக்கொண்டேன்.

அல்லாவே வழிவிட்டான். கிராபோர்ட் மார்க்கெட்டில் ஒரு மீன்கடைக்காரருக்கு நான் கண்ணாடித் தொட்டி செய்து கொடுப்பதுண்டு. “செம்பூரில் ஒருத்தர் ஹாலுக்குப் பெரிய தொட்டி கேட்கிறார். நீயே போய் வைத்துவிட்டு வா” என்றார். விலாசத்தைப் பார்த்தேன். பரீது வீடு.

எதிரி வீடானாலும் வேலையில் குறை வைக்கவில்லை. இரும்புச் சட்டத்தில் மக்கு அப்பிக் கண்ணாடி பதித்துக் கசிவு பார்த்தேன். மணலை அரிசி களைவதுபோலக் களைந்தேன். குழாய்த் தண்ணீரை மருந்து வாடை போகும்வரை வைத்திருந்து ஊற்றினேன். வேலம்பாசி நட்டேன். ஜீப்ரா மீன் துள்ளி வெளியே விழும் என்பதால் மூடியும் போட்டேன்.

ஜீப்ரா என்பது விரல் நீளம்கூட இல்லாத, நீலக்கோடு போட்ட மீன். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கூட்டமாகத்தான் போகும், ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். தண்ணீர் ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூஞ்சியை வைத்தே நீந்தும். இது கடையில் நான் கவனித்து வைத்திருந்தது.

தொட்டிக்கு இடது கோடியில் பரீதின் பெரிய நாற்காலி, அதை ஒட்டி டெலிபோன். வலது கோடியில் விருந்தாளிகளின் சோபா. தண்ணீரைத் தள்ளும் மோட்டார்க் குழாயை நான் வலது கோடியில் வைத்தேன். பரீது போனைக் காதில் வைத்தபடி என்னைத் தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தான். நானும் சலாம் சொல்லவில்லை. ஒன்று ஏற்கனவே நிலுவையில் இருக்கிறதே.

அதன்பிறகு நடந்ததை அவன் பெண்டாட்டி மெஹராஜ் என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தோல் வியாபாரி சலாவுதீன் வந்து சோபாவில் உட்கார்ந்தாராம்.

“பரீது பாய், மீனெல்லாம் என்னைப் பார்த்து என்னமா நிக்குது! உமக்கு மட்டும் வாலைக் காட்டுதே?”

“தொழுகைக்கு நிக்கிற மாதிரி கிப்லாவைப் பார்த்து நிக்குதுவ வே.”

“கிப்லா உம்ம முதுகுக்குப் பின்னாலல்லா இருக்கு!”

பரீது கண்ணாடியைத் தட்டினான். இரை போட்டான். வந்து தின்றுவிட்டு மறுபடி வாலைக் காட்டின. நாற்காலியை மாற்றலாமென்றால் டெலிபோன் வயர் எட்டாது. மீன்களை மாற்றினான், புதுசும் அப்படியே. மீனே மதிக்காத மனுஷன் என்று பாந்திரா முதல் தேவ்நார்வரை பேச்சாகிவிட்டது.

ஒருநாள் டாக்ஸி பிடித்து என் பட்டறைக்கு வந்தான்.

“லே ஜமாலு, அந்த மீனுக்கு என்னலே கோளாறு?”

“மீனுக்கு ஒண்ணுமில்ல வே. உம்மமேல வருத்தம். பெருநாளன்னைக்கு ஒரு சலாம் பதிலில்லாம நிக்குதுல்லா?”

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, “வ அலைக்கும்...” என்று ஆரம்பித்தான்.

“நிறுத்தும். தகரம் அடிச்சு அடிச்சு எனக்குக் காது மந்தம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல, அந்தச் சேட்டுமாரு முன்னால வச்சுச் சொல்லும். உரக்கச் சொல்லும்.”

சொன்னான். முகம் சுண்ணாம்பில் ஊறின தோல்மாதிரி இருந்தது. “யாருமே சலாம் சொல்லலையே, யாருக்குப் பதில்?” என்று சலாவுதீன் கேட்டார். “போன நோன்புப் பெருநாளுக்குள்ளது” என்றேன் நான். கூட்டம் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குத் தொப்பி விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை. அன்றைக்கே செம்பூருக்குப் போய்க் குழாயை இடது கோடிக்கு மாற்றிவைத்தேன். அத்தனை மீனும் பரீதைப் பார்த்துத் திரும்பின. திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடின.

மறுவாரம் ஆள் அனுப்பினான். போனேன்.

“நாள் பூரா என் மூஞ்சியப் பார்த்து என்னலே கேக்குதுவ?”

“ஒண்ணும் கேக்கல வே. சலாம் சொல்லுதுவ. பதில் சொல்றது கடமைன்னு உமக்கு நான் சொல்லணுமா?”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மீனுக்குப் பதில் சொல்லவேண்டுமா வேண்டாமா என்று யாரிடம் போய்க் கேட்பான்? கேட்டால் ஊர் சிரிக்குமே. இப்போது சோறு ஆறிப்போகிறது, மனுஷர் வாய் ஓயவில்லை என்கிறாள் மெஹராஜ். போனில் பேசும்போதும் நடுநடுவே வ அலைக்கும் ஸலாம், வ அலைக்கும் ஸலாம். அந்தப் பக்கம் இருப்பவன், “பாய், நான் ஒரு தடவைதானே சொன்னேன்” என்கிறானாம்.

அடுத்த பெருநாளுக்கு நான் அவனுக்கு இன்னும் இருபது ஜீப்ரா அன்பளிப்பாகக் கொண்டுபோனேன்.