நாய் குறுக்கே வரவில்லை

போலீஸ் அறிக்கையில் நாய் குறுக்கே வந்தது என்று எழுதியிருந்தது. அப்படி எந்த நாயும் வரவில்லை. அன்று அந்தக் காரில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும்.

காரை ஓட்டியவர் தங்கையின் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்கள் என்பதால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் அக்கா. அவள் கடைவீதியில் பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். அன்று ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்துவிட்டு, அதே கல்யாணத்துக்கு வந்திருந்த தங்கை குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் தங்கை, அவள் மடியில் தூங்கும் குழந்தை. பட்டப்பகல், நேரான சாலை. முன்னே ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. மாஸ்டர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையில் போனை வைத்துக் கட்டைவிரலால் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, லாரி" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாஸ்டருக்கு நெற்றியில் சின்னக் காயம். தங்கைக்கும் குழந்தைக்கும் அதுகூட இல்லை. லாரியின் பின்பகுதி அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்தைத்தான் கிழித்துக்கொண்டு வந்தது. லாரியைக் காட்ட அவள் முன்னால் நீட்டியிருந்த வலது கையின் தோள் நொறுங்கி நரம்பு அறுந்திருந்தது. அவள் மயக்கத்தில் கிடந்தபோது மாஸ்டர் போலீசிடம் நாய்க் கதையைச் சொல்லி, தங்கையையும் கையெழுத்துப் போட வைத்தார். அக்கா கண் விழித்தபோது அந்த நாய் எழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அம்மா அக்காவோடு இருப்பவள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதைக்கு எதையும் கிளறாதே என்று கெஞ்சினாள். போன் விஷயம் வெளியே வந்தால் பயிற்சிப் பள்ளியின் அனுமதியே போய்விடும், உன் தங்கை நடுத்தெருவில் நிற்பாள், கை எப்படியும் சரியாகிவிடும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

கை சரியாகவில்லை. விரல்கள் அசைந்தன, கத்தரிக்கோலைப் பிடிக்கவும் முடிந்தது. ஆனால் கை மார்புக்கு மேலே எழும்ப மறுத்தது. முடி வெட்டுகிறவளுக்கு எல்லா வேலையும் மார்புக்கு மேலேதான். சலூனைத் திறந்த முதல் நாளே, பழைய வாடிக்கைக்காரி ஒருத்தியின் பின்தலையில் பாதி வெட்டியதும் கை கீழே விழுந்துவிட்டது. மீதியை வேறு கடையில் போய் வெட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினாள். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டுவதற்கு எதிரே அவள் மட்டும்தான் இருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகுதான் வக்கீலைப் பார்க்கப் போனாள். வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார். இழப்பீடு தரப்போவது காரின் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனால் ஓட்டியவர் மேல் தவறு இருந்தால்தான் தருவார்கள். நாய் வந்தது என்றால் யார் மேலும் தவறில்லை, கம்பெனி கை கழுவிவிடும். உங்கள் கையை விழுங்கியது அந்த நாய்தான் என்றார்.

அக்கா நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். பணம் மாஸ்டரின் பையிலிருந்து போகப்போவதில்லை, உண்மையைச் சொன்னால் போதும் என்று எடுத்துச் சொன்னாள். மாஸ்டர் சோபாவில் சாய்ந்தபடி கேட்டார். தன் பேர் கெட்டுவிடும் என்றார். விதி என்றார். வேண்டுமானால் சலூன் வாடகைக்குத் தானே உதவுவதாகவும் சொன்னார். பிச்சை போடுகிற மாதிரி அவர் அதைச் சொன்ன விதத்தில் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை அடுப்படி வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வழக்குப் போட்டாள்.

வீடு இரண்டாகிவிட்டது. அம்மா இவளோடு சாப்பிட்டுவிட்டு, போனில் அவளோடு அழுதாள். சொந்தக்காரர்களில் யார் பேசினாலும், தங்கச்சி புருஷனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்றுதான் ஆரம்பித்தார்கள். கை எப்படி இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

விசாரணையில் கம்பெனியின் வக்கீல் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். தங்கை வீட்டில் குழந்தையின் பிறந்தநாள். வழக்குப் போடுவதற்கு முன்னால் எடுத்தது. அக்காவின் முகமும் விரல்களும் மட்டும் திரையில் பெரிதாகத் தெரிந்தன. விரல்கள் குழந்தையின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தன. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கை தூக்க முடியாதவர் தலை பின்னுகிறார், சிரிக்கவும் செய்கிறார் என்று வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது, தான் சோபாவில் இருந்தேன், முழங்கை முழங்காலில் ஊன்றியிருந்தது, அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள் என்று அக்கா பதறிப் பதறிச் சொன்னாள். பதறியதாலேயே அது பொய் மாதிரி ஒலித்தது. சிரிக்கக்கூடத் தனக்கு உரிமை இல்லையா என்று கேட்க வந்தாள். வக்கீலம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

அந்த வீடியோவை எடுத்தவள் தங்கை. பிறந்ததிலிருந்தே தெரிந்தவள், தன் ஜடையைப் பின்ன இந்த அக்காவையே நம்பி வளர்ந்தவள். அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தபோது அக்காவுக்குக் கண்ணீர்கூட வரவில்லை. காது மடல் சுட்டது. அன்றே தங்கையின் நம்பரை அழித்தாள்.

மறுநாள் காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். சுவர் முழுக்க சாலைக் குறியீடுகள் ஒட்டிய அறை. மேஜை மேல் அறுத்துத் திறந்து வைத்த ஒரு பழைய எஞ்சின். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சில் அக்கா போய் உட்கார்ந்ததை மாஸ்டர் கவனிக்கவில்லை. பலகையில் வண்டிப் படம் வரைந்து, கண் எப்போதும் சாலையில் இருக்க வேண்டும், போன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார்.

அக்கா இடது கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் மாஸ்டர். முன்னாடி லாரி நிக்குது, கையில போன் இருக்கு. மொதல்ல எதப் பாக்கணும்?"

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அக்கா, வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல பேசியாச்சு. கோர்ட்லயும் பேசியாச்சு. வீடியோவும் பாத்தாச்சு. இந்தப் பிள்ளைங்க உங்க பேச்ச நம்பி ரோட்டுக்குப் போகப் போறாங்க. அதான் வந்தேன்." அவள் எழுந்து பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். "இவர் சொல்றதக் கேளுங்க. செய்யறதப் பாத்துடாதீங்க. பாத்தா இப்படி ஆயிடும்."

இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விட்டாள். அது பொத்தென்று தொடையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இது தெரிந்ததும் வக்கீலம்மா அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். எதிர்த்தரப்புச் சாட்சியை மிரட்டியதாக நாளைக்கே எழுதிக் கொடுப்பார்கள், உன் கோபத்தால் உன் வழக்கே கெடப்போகிறது என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். அக்கா தலையாட்டினாள். வருந்தினாளா என்றால் இல்லை. விபத்துக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த வகுப்புக்குப் போய்வந்த நாளில்தான்.

அடுத்த விசாரணையில் மாஸ்டர் கூண்டில் ஏறி, நாய் வந்ததாகச் சொன்னார். அதை ஒப்பிக்க அடுத்த சாட்சியாகக் கம்பெனி வக்கீல் தங்கையை ஏற்றினார். அவள் இளைத்திருந்தாள். கூண்டின் கம்பியைப் பிடித்தபடி பெயரையும் முகவரியையும் முணுமுணுத்தாள். அக்கா அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வக்கீல் முதலில் வீடியோவைப் போட்டார். இது உங்கள் வீடுதானே, எடுத்தது நீங்கள்தானே என்று கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த உடனே அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. இது கோர்ட்டுக்கு வந்திருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"நான் எடுத்ததுதான்" என்றாள் தங்கை. "ஆனா இது பாதிதான். மீதி எங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் வக்கீல்.

"என் போன்ல முழுசா இருக்கு. பாப்பா கீழ உக்காந்திருக்கும். அக்கா முழங்கைய முட்டியில வச்சிருக்கும். நடுவுல வலி தாங்காம நிறுத்திட்டு, பாப்பா பாக்கக் கூடாதுன்னு சிரிக்கும். அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டி எடுத்துக் காட்டியிருக்கீங்க." அவள் கணவரைப் பார்த்துத் திரும்பினாள். "என் போன எடுத்து யார் குடுத்தது?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். போனைக் காட்டச் சொன்னார் நீதிபதி. முழு வீடியோவையும் அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு வக்கீலை முந்திக்கொண்டு அவரே கேட்டார்: நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

"நாய் எதுவும் வரல. போனக் கீழ வைங்க, கீழ வைங்கன்னு நான் பின்னாடியிருந்து சொல்லிட்டே இருந்தேன். அவர் வைக்கல. நாய்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

வெளியே வராந்தாவில் அக்கா அவளிடம் ஓடினாள். தங்கை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"உனக்காகச் சொல்லல. நான்தான் அத எடுத்துக் குடுத்தேன்னு நெனச்சேல்ல?"

அக்கா நீட்டிய இடது கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் பொய் சொன்னேன், சரி. அதுக்கு என்ன நாலு அறை அறைஞ்சிருக்கலாம். உன்ன வித்துட்டேன்னு எப்படி நெனச்ச? ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அதற்கு மேல் நிற்காமல் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போய்விட்டாள்.

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் கொடுத்தது. பொய் சொன்னதற்காகத் தங்கையை நீதிபதி கடுமையாக எச்சரித்து அனுப்பினார். மாஸ்டரின் உரிமம் பறிபோனது, பயிற்சிப் பள்ளி மூடப்பட்டது. அவர் இப்போது ஒரு டயர் கடையில் கணக்குப் பார்க்கிறார், பஸ்ஸில் போய்வருகிறார். அக்கா சலூனைத் திறந்து, வெட்டுவதற்கு ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்கிறாள். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் அவள் கத்தரியைப் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு எரிச்சல் மண்டுகிறது. அப்போது எழுந்து போய்த் துண்டுகளை மடிப்பாள். இனி இந்தக் கை இவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கேட்டதுதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்று அம்மா அலுத்துக்கொண்டாள். கையைக் கேட்டேன், கை கிடைத்ததா என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

தங்கையும் அவளும் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. ஆரம்பித்ததும் சண்டையில்தான். சண்டை போட்டுக்கொண்டே தங்கை சலூனுக்கு வந்துபோனாள். ஒருநாள், அவர் உன்னை வந்து பார்க்க வேண்டும் என்கிறார், என்ன சொல்லட்டும் என்று கேட்டாள்.

"மன்னிப்புக் கேக்கவா?"

"ஆமா."

"அதெல்லாம் வேணாம். எனக்குத் திட்டறதுக்கு நிறைய இருக்கு. உக்காந்து கேக்கறதா இருந்தா வரச் சொல்லு. பாதியில எழுந்து போகக் கூடாது."

சலூனுக்கு விடுமுறையான நாளில் மாஸ்டர் வந்தார். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா நின்றபடியே பேசினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் அவர், என் நிலைமையையும் கொஞ்சம் என்று வாயெடுத்தார். நான் இன்னும் முடிக்கவில்லை என்றாள். வெயில் இறங்கியது, எதிர்க் கடையில் விளக்குப் போட்டார்கள். அவள் அப்போதுதான் பிறந்தநாள் வரைக்கும் வந்திருந்தாள். தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வாரமும் வாங்க என்றாள்.

வந்தார்.